செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நாய்க் கண்காட்சி ஹேண்ட்லர்களும் நமது ஞாயிறு வகுப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு விதிப்படி கூடியது. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி அஸ்தம்பட்டியில் தடுப்பூசி முகாம் நடத்தினோம். ஏற்காடு கோடை விழா நாய் கண்காட்சியிலும் நம் உறுப்பினர்கள் சிலர் பங்கேற்றனர்.

விரிவாகச் சொல்ல வேண்டியது கண்காட்சிகளில் ஹேண்ட்லர்களை, அதாவது கட்டணம் பெற்று நம் நாய்களை நடுவர் முன் நடத்திக்காட்டுபவர்களை, நாம் நம்பியிருக்கும் அளவைப் பற்றியது. நம் உறுப்பினர்களின் நல்ல நாய்களில் பெரும்பாலானவற்றை இப்போது வெளியூர் ஹேண்ட்லர்களே ரிங்கில், அதாவது போட்டிக் களத்தில், நடத்துகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒரு நாய்க்கு நடுவர் ஒதுக்குவது ஓரிரு நிமிடங்கள். அதற்குள் அவர் பல் வரிசையையும் தோள் அமைப்பையும் பின்னங்கால் கோணத்தையும் தொட்டுப் பார்த்து, நேர்க்கோட்டிலும் முக்கோணமாகவும் ஓடவிட்டு நடையைக் கணிக்க வேண்டும். அசையாமல் நிற்கவும் சீராக ஓடவும் தெரியாத நாயிடம் எவ்வளவு நல்ல உடலமைப்பு இருந்தாலும் அது நடுவரின் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அதைக் கண்ணில் படவைப்பதே ஹேண்ட்லரின் தொழில். அதற்கு அவர் பெறும் கட்டணமும் பயணச் செலவும் நியாயமானவையே.

ஆனால் நமது நாட்டு இனங்களில் இந்த ஏற்பாடு பல நேரங்களில் பலிப்பதில்லை. இவ்வாண்டு ஒரு கண்காட்சியில் நம் உறுப்பினர் ஒருவரின் கன்னி இன நாய், அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்த ஹேண்ட்லரின் கையில் ரிங்குக்குள் சென்றது. நடுவர் உதட்டைத் தூக்கிப் பல் பார்க்கக் கை நீட்டியதும் அது வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு பின்வாங்கியது. உரிமையாளர் பதற்றத்தில் ரிங்குக்கு வெளியிலிருந்து பெயர் சொல்லி அழைத்தார். நாய் அவரைத் திரும்பிப் பார்த்ததில் நின்ற நிலையும் குலைந்தது. வெளியிலிருந்து அழைப்பது முறையன்று என்பதையும், கன்னியும் சிப்பிப்பாறையும் அயலாரிடம் எளிதில் ஒட்டாத இனங்கள் என்பதையும் நம்மில் எத்தனை பேர் மனத்தில் கொள்கிறோம்? மேலும், ஒரே ஹேண்ட்லர் பல நாய்களைக் கொண்டுவரும்போது, அவற்றில் இரண்டு இறுதிச் சுற்றில் எதிரெதிரே நிற்க நேர்ந்தால், ஒன்றை அவர் உதவியாளரிடம் கொடுத்தே தீர வேண்டும். அப்படிக் கொடுக்கப்பட்ட நாய் நம்முடையதானபோது வருந்திப் பயனில்லை.

தொழில்முறை ஹேண்ட்லர்கள் கோலோச்சும் அமெரிக்காவில்கூட, அமெரிக்கன் கென்னல் கிளப் உரிமையாளர்களே நடத்தும் நாய்களுக்கெனத் தனிப் போட்டித் தொடர் வைத்திருக்கிறது. 1891இல் தொடங்கிய இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தம் நாயைத் தாமே நடத்தும் உரிமையாளர்கள் ஏராளம். இதை மனத்தில் வைத்தே, கன்னங்குறிச்சியில் ஓர் உறுப்பினர் அன்புடன் அளித்த இடத்தில் ஞாயிறு காலை வகுப்பைத் தொடங்கினேன். முன்னங்காலைப் பாதத்தில் பிடிக்காமல் முழங்கையில் பிடித்துத் தூக்கி, தோளுக்கு நேர்கீழே வைப்பது. பின்னங்காலின் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அமைப்பது. கயிற்றைத் தளர்வாக விட்டு ஓடுவது. வாரந்தோறும் வெவ்வேறு ஆட்கள் வாயைத் திறந்து பல் பார்க்க நாயைப் பழக்குவது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஏற்காட்டிலிருந்து தந்தையுடன் ஜீப்பில் வரும் பள்ளி மாணவி ஒருவர், முதலில் யாரையும் அருகில் விடாத தம் ராஜபாளையம் இன நாயை இன்று அந்நியர் தொட அசையாமல் நிறுத்துகிறார். நாயின் தரத்தைப் பாராமல் நடத்துபவரின் திறனுக்கே மதிப்பெண் தரும் இளையோர் பிரிவில் அவர் கலந்துகொள்ள வேண்டுமென்பது என் பெருவிருப்பம்.

மனம் வருந்திச் சொல்கிறேன்: விலையுயர்ந்த நாய்களை வைத்திருக்கும் உறுப்பினர்கள் பலர் இவ்வகுப்பின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்காட்சிக்கு முந்தைய இரவு தொலைபேசியில் அழைத்து, "சார், நல்ல ஹேண்ட்லர் நம்பர் இருந்தா குடுங்க" என்று கேட்பவர்களும் அவர்களே. சந்தா நிலுவைப் பட்டியலிலும் அவர்களில் சிலர் பெயர் இருக்கிறது. ஒரு கண்காட்சிக்கு ஹேண்ட்லருக்குத் தரும் தொகையோடு ஒப்பிட்டால் நம் ஆண்டுச் சந்தா மிகச் சிறியது என்பதை அவர்களே அறிவார்கள்.

வரவு செலவைப் பொறுத்தவரை, முகாமுக்கும் வகுப்புக்கும் ஆன செலவு போக இருப்பு சுமாராக உள்ளது. விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். முகாமில் உதவிய கால்நடை மருத்துவர்களுக்கும், இடமளித்த உறுப்பினருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் வகுப்புக்கு ரப்பர் விரிப்பும், சிறிய இன நாய்களை நிறுத்திப் பார்க்க ஒரு மேசையும் தேவை. நிலுவைச் சந்தா வந்தாலே இரண்டையும் வாங்கிவிடலாம். அது வராவிட்டால், புதிய நிர்வாகம் வகுப்பைத் தொடர்வது கடினம். நானும் இப்பொறுப்பில் நீடிப்பது குறித்து யோசிக்க வேண்டியிருக்கும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வந்திருக்கிறார்; கூட்டம் முடியும்வரை மண்டபத்திலேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்,
சேலம்.