மெழுகுவத்தி கேள்விக்கு நீ எழுதின பதில்

பாப்பா,

மூணு வாரமா உன் போன் இல்ல, வேலை அதிகம்னு அம்மா சொல்றா, சரி. மாப்பிள்ளைய பத்தி நான் எதுவும் கேக்கல. புது வீட்ட நீயே கழுவுறியாமே, பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மட்டும் சேத்து ஊத்திடாத, குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல மூச்சே விட முடியாது.

நேத்து கரண்ட் போனப்ப மெழுகுவத்தி ஏத்தி வச்சு உன் எட்டாங்கிளாஸ் சயின்ஸ் நோட்ட பொரட்டிட்டு இருந்தேன். என்ன அழகான கையெழுத்து, அதுல அப்பாவுக்கு ரெண்டு வரி எழுதத்தான் உனக்கு நேரமில்ல. மெழுகுவத்தி எரியிறது இயற்பியல் மாற்றமா வேதியியல் மாற்றமாங்கிற கேள்விக்கு நீ "ரெண்டும்"னு எழுதியிருக்க. நான் சிவப்பு மையில அடிச்சு வேதியியல் மாற்றம்னு போட்டிருக்கேன். மெழுகு உருகி, திரியில ஏறி, ஆவியாகி அப்புறம்தானே சார் எரியுதுன்னு நீ எழுந்து கேட்ட, உக்காருன்னு அதட்டினேன், மொத்த கிளாஸும் சிரிச்சுது.

நேத்து ஊதி அணைச்சு பாத்தேன். திரியிலேருந்து வெள்ளையா ஒரு புகை இழை எழும்புச்சு, உடனே அதுல தீக்குச்சிய காட்டினதும் நெருப்பு புகை வழியாவே எறங்கி திரியில பத்திக்கிச்சு. அந்த புகை மெழுகு ஆவி. தட்டுல சொட்டி உறைஞ்சதும் அதே மெழுகு. சுடருக்கு மேல கண்ணாடி டம்ளர கவுத்து பிடிச்சா உள்ள மூட்டமா படிஞ்சுதே, அது எரிஞ்சதுல புதுசா உண்டான தண்ணி. 1860 கிறிஸ்மஸ் சமயம் லண்டன்ல ஃபாரடேங்கிற விஞ்ஞானி ஒரு மெழுகுவத்திய வச்சே ஆறு லெக்சர் குடுக்க ஆரம்பிச்சாரு, அத நான் படிச்சது நீ காலேஜ் போனப்புறம். நீ சொன்னது சரின்னு அன்னிக்கே புரிஞ்சுது. இத்தன வருஷம் வாய தெறக்கல, வாத்தியார்ங்கிற கெத்து. அதுக்கப்புறம் நீ கிளாஸ்ல கையே தூக்கல, வீட்டுலயும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல, அத அடக்கம்னு நெனச்சு பாக்கிறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன்.

பழைய நிலைக்கு திரும்பி வந்தா இயற்பியல் மாற்றம், வராட்டி வேதியியல் மாற்றம்னு சொல்லிக்குடுத்தேனே, அதுவும் அரைகுறை. பேப்பர் கிழிஞ்சா பழையபடி ஆகாது, ஆனாலும் அது பேப்பர்தான். புதுப் பொருள் உண்டாச்சானுதான் பாக்கணும்.

அடிச்ச எடத்துல டிக் போட்டு அம்மா போன்லேருந்து படம் அனுப்பியிருக்கேன். எந்த நேரம்னாலும் கூப்பிடுமா, நான் எதுவும் கேக்க மாட்டேன். கழுவுறப்ப ஜன்னல தெறந்து வச்சுக்கோ, ஆசிட்டோட பிளீச்சிங் வேணாம்.

அப்பா