எஸ்.டி.பி. ஆபரேட்டருக்கும் ஒரு தகுதிகாண் தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வருடமாக இருக்கிறேன். மொத்தம் 180 வீடுகள். அதில் நான்கு வருடம் நலச்சங்கச் செயலாளராக இருந்தேன். எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாமே அடித்தளத்தில் இருக்கும் எஸ்.டி.பி.க்குத்தான், அதாவது எங்கள் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. அந்த நான்கு வருடத்தில் அதைப் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 45 லிட்டர் ஃபிளஷுக்கு என்று வைத்துத்தான் கட்டடங்களுக்குத் திட்டம் போடுகிறார்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் எங்கள் 180 வீடுகளுக்கு ஃபிளஷ் தண்ணீர் மட்டும் தினமும் 32,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் கிட்டத்தட்ட மூன்று லாரி. எஸ்.டி.பி. ஒழுங்காக ஓடினால் அதில் தெளிந்த தண்ணீரே ஃபிளஷுக்குத் திரும்ப வரும், அந்த மூன்று லாரியும் தேவையில்லை. 2019 கோடையில் லாரிக்காக ராத்திரி இரண்டு மணிக்குக் கண்விழித்துக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த நிலையத்தை யார் கையில் விட்டிருந்தோம்? சொந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடி வந்த 20 வயதுத் தம்பி ஒருவர். மாதம் 13,000 ரூபாய், 12 மணி நேர ஷிப்ட். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் அவருக்கு எந்த மோட்டாருக்கு எந்த சுவிட்ச் என்று அரை நாள் சொல்லிக்கொடுத்தது. பயிற்சி என்று நடந்தது அவ்வளவுதான்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனதால், காற்றுத் தொட்டிக்குக் காற்று தள்ளும் புளோயரை ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை நிறுத்தி வைக்கும்படி சொன்னது நான்தான். அந்தத் தம்பி "சரி சார்" என்றார். கூடாது என்று சொல்ல அவருக்கு யாரும் எதையும் கற்றுத்தந்திருக்கவில்லை. அந்தத் தொட்டியில் நம் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன என்பதும், நம்மைப் போலவே அவற்றுக்கும் ராத்திரியில் மூச்சு விடக் காற்று வேண்டும் என்பதும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டே வாரத்தில் கார் நிறுத்துமிடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். ஃபிளஷில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் குளோரினைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார்கள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் 7.2 என்றே இருந்தது, ஒரே பேனாவில், ஒரே சாய்வில். வாசனை தாங்க முடியாத நாளிலும் 7.2தான்.

எங்களைக் காப்பாற்றியது பி பிளாக்கில் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர். ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே இறங்கி வந்தவர் மீட்டரையோ பேனலையோ பார்க்கவில்லை. ஒரு லிட்டர் அளவுக் குடுவை ஒன்றை வாங்கி வரச் சொன்னார். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு, குடுவையில் ஒரு லிட்டர் கோடு வரை ஊற்றி, சுவரோரம் ஆடாமல் வைத்துவிட்டு, "தம்பி, மணியைப் பாரு. அரை மணி நேரம் கழிச்சு வந்து என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பாகக் கொஞ்சம் கசடு. மேலே எல்லாம் கலங்கல். அது காப்பிப்பொடி நிறத்தில் 250, 300 மில்லி அளவுக்குப் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும் என்றார். ஐம்பதுதான் படிகிறது என்றால் தொட்டியில் கிருமிகள் போதவில்லை. அறுநூறு, எழுநூறு என்று நின்றால் கசடு மிஞ்சிவிட்டது, வெளியே எடுக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் காற்று போதவில்லை. நல்ல தொட்டியில் சாக்கடை வாசனை அடிக்காது, மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும் என்று அவர் சொன்னதை அன்று நான் நம்பவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடைக் கொண்டுவந்து விட்டோம். புளோயரை இரவு பகலாக ஓடவிட்டோம். நாலாவது வாரம் அந்த மண் வாசம் வந்தது.

குடுவையின் விலை சில நூறு ரூபாய். அதற்கு முன்னால் வாசனைக்கு என்று நாங்கள் செலவழித்தது லட்சத்தைத் தாண்டும்.

அந்தப் பெரியவர் ஊருக்குத் திரும்பும் முன் தம்பிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். சமையலறை எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறியை வாரம் ஒருமுறை வழிக்க வேண்டும். மணல் வடிகட்டியைத் தினமும் எதிர்த்திசையில் கழுவ வேண்டும். கசடு பிழியும் இயந்திரம் ரிப்பேர் என்றால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் இயந்திரம் எட்டு மாதமாக ஓடவில்லை என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வீடுகளுக்கும் பாடம் இருந்தது. கழிப்பறையில் போட்ட நாப்கினும் ஈரத்துடைப்புத் தாளும் பம்பில் போய்ச் சுற்றிக்கொள்ளும். பாத்ரூம் ஆசிட்டை பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் தொட்டிக் கிருமிகள் சாகும்.

இனி சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. இந்தத் தம்பிக்கு முன்னால் இருந்தவர், கழிவுநீர் சேரும் தொட்டியில் பம்ப் துணி சுற்றி நின்றுபோனபோது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அங்கே வந்த எங்கள் எலெக்ட்ரீஷியன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தத் தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். வாசனை இல்லை, ஆபத்து இல்லை என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. இப்படி மூன்று பேர், நான்கு பேர் இறந்த செய்திகளை உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை முறை படித்திருக்கிறோம்! பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் பம்பை வழிகாட்டிக் கம்பியில் மாட்டிச் சங்கிலியால் மேலே இழுத்தால் யாரும் இறங்கவே வேண்டாம் என்பதை ஆபரேட்டருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் தொட்டியில் அந்தக் கம்பியும் சங்கிலியும் கட்டும்போதே போடப்பட்டிருந்தன. அவை எதற்கு என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

சொல்லிக்கொடுக்கப்பட்ட ஆள் வேண்டும் என்பது கரண்ட் இல்லாமல் ஓடும் நிலையங்களுக்கும் பொருந்தும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீரைத் தடுப்புத் தொட்டிகள் வழியாகவும் செடி வளர்த்த சரளைப் படுகை வழியாகவும் விட்டுச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆரோவில்லிலும் இந்த முறை பல இடங்களில் உண்டு. இதைக் கேள்விப்பட்டு, "பராமரிப்பே வேண்டாமாமே" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பராமரிப்பு குறைவு, அவ்வளவுதான். அங்கேயும் கசடை அவ்வப்போது எடுக்க வேண்டும், செடியை வெட்ட வேண்டும், சரளை அடைத்துக்கொண்டால் அள்ளிக் கழுவ வேண்டும். அதற்கும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஜப்பானில் வீட்டுக்கு வீடு வைக்கும் சிறிய சுத்திகரிப்புத் தொட்டிக்கு ஜோகாசோ என்று பெயர். அதற்கென்றே 1983இல் தனிச் சட்டம் போட்டார்கள். அதைப் பராமரிக்கிறவர் தேசிய அளவில் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை வெளியிலிருந்து ஆய்வும் உண்டு. ஒரே ஒரு குடும்பத்தின் தொட்டிக்கே அங்கே அவ்வளவு ஏற்பாடு. இங்கே எழுநூறு பேரின் கழிவைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தபோது யாரும் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. செயலாளராக இருந்த நானும் கேட்கவில்லை.

நம் ஊரிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. படிக்காதவரும் வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் அதை எழுதலாம். செய்முறையில் தேறினால் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். கையால் கற்ற தொழிலுக்கு ஒரு மரியாதை அது. எஸ்.டி.பி. ஆபரேட்டர்களுக்கும் அப்படியொரு தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வு கொஞ்சமாக இருந்தால் போதும். குடுவைச் சோதனையைச் செய்து காட்டட்டும், பம்பைச் சங்கிலியில் தூக்கிக் காட்டட்டும், புளோயர் பெல்ட் மாற்றட்டும். வாயு மானியைத் தொட்டிக்குள் இறக்கி அளவு படிக்கத் தெரிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிலையத்தை ஓட்டுவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கும்போது, தண்ணீர் மாதிரி அறிக்கையோடு ஆபரேட்டரின் சான்றிதழையும் கேட்டால், சங்கங்களும் ஒப்பந்த நிறுவனங்களும் தானாக வழிக்கு வரும்.

சான்றிதழ் இருந்தால் சம்பளமும் ஏறும். ஏற வேண்டும். அவ்வளவும் கற்றுக்கொண்ட அந்தத் தம்பி போன வருடம் ஏ.சி. மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டார். "அங்க சர்டிபிகேட் தர்றாங்க சார்" என்று சொன்னார். அவரைத் தடுக்க என்னிடம் வார்த்தை இல்லை. போகும் முன் புதிதாக வந்தவரைப் பக்கத்தில் நிறுத்தி, பத்து நாள் அந்தக் குடுவையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பயிற்சி நடத்த அரசோ, ஐ.டி.ஐ.யோ முன்வந்தால் எங்கள் நிலையத்தைத் திறந்துவிடச் சங்கப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். காலை ஏழு மணிக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொள்வார்கள். அந்த நேரத்துக்கு வந்தால் சோதனையை முதலிலிருந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்க முன்னாள் செயலாளர்,
சென்னை