சர்க்கரையைப் பார்க்கிறவர்கள் பிரஷரையும் பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நடை, கண் பரிசோதனை, கால் பராமரிப்பு எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில் ரத்த அழுத்தம் என்ற பேச்சே இல்லை. நான் கோவில்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரைக்குச் சீட்டு நீட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதே சீட்டில் பிரஷர் மாத்திரையும் எழுதியிருக்கும். அதனால்தான் விடுபட்டதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடையில் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை என்றால் ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். பிரஷர் மாத்திரைக்கு வரும்போது குரல் மாறும். "அண்ணாச்சி, இதுல அட்டை வேண்டாம், ஒரு அஞ்சு மட்டும் கிழிச்சுக் குடுங்க. தலை சுத்துனா போட்டுக்கிடுதேன்." தலைவலி மாத்திரை மாதிரி, வேண்டும்போது போட்டுக்கொள்ளும் மருந்து என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், "போன தடவை பார்த்தப்ப நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்பார்கள். நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான் என்று கவுன்டரில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரை தினமும் போட்டால்தான் ஏழெட்டு நாளில் ரத்தத்தில் நிலையான அளவுக்கு வரும். தலை சுற்றுகிற அன்றைக்கு ஒன்று விழுங்குவதால் ஒரு நன்மையும் இல்லை. தலைசுற்றலை வைத்துப் பிரஷரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மேல் எண் 170, 180 இருந்தும் ஒரு தொந்தரவும் தெரியாமல் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். சிலருக்கு அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். அவர்களும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதித் தருவார்.

சர்க்கரைக்கு இருக்கிற பயம் பிரஷருக்கு இல்லை. கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 11.4 சதவீதம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 35.5 சதவீதம். மூன்று மடங்கு!

இரண்டும் தனித்தனி வியாதிகளாக உடம்பில் குடியிருப்பதில்லை. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் வயிறு பருத்தவர்களுக்கு, ஆரம்பத்தில் இன்சுலின் குறைவதில்லை. அது சரியாக வேலை செய்யாததால் உடம்பு கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்திடம் உப்பை வெளியே விடாதே என்று சொல்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும், ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் சர்க்கரை அதிகமாக ஓடுகிற ரத்தக் குழாயின் சுவரும் விறைத்துப்போகிறது. இதில் அதிகம் அடிபடுவது சிறுநீரகம்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றைச் சர்க்கரையும் கெடுக்கும், அழுத்தமும் கெடுக்கும். கெட்டுப்போன சிறுநீரகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும். டயாலிசிஸ் வரைக்கும் போன பலருடைய கதை இதுதான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த எண் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதி போயிருக்கலாம். அதற்கு வெகு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பித்துவிடும். அந்தச் சின்னப் பரிசோதனையை வருடத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளச் சொல்லி நான் சந்திக்கிற எல்லாரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

பிரஷரைக் கட்டுப்படுத்தினால் சர்க்கரை நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டால், பிரிட்டனில் நடந்து 1998-ல் வெளியான யூ.கே.பி.டி.எஸ். ஆய்வைச் சொல்லலாம். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருந்த 1,148 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அழுத்தத்தைக் கண்டிப்பாகக் குறைத்தார்கள். எட்டு வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கண்டிப்பாகக் குறைத்த பிரிவின் சராசரி 144/82, மற்றதில் 154/87. மேல் எண்ணில் வித்தியாசம் வெறும் பத்துப் புள்ளி. அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைந்தன. இப்போது பெரும்பாலான டாக்டர்கள் சர்க்கரை உள்ளவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்.

வாய் வழியாகப் போகிற சர்க்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டிலிருந்து பத்து கிராம். நாலு டீ குடிக்கிறவருக்கு அதிலேயே 25 கிராம் தாண்டிவிடுகிறது. "நான் சீனியே தொடுறதில்லை, கருப்பட்டிதான்" என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். எங்கள் ஊர்க் கடலைமிட்டாயில் கடலை நல்லதுதான், பாகு வெல்லப்பாகு. உப்பிலும் இதே கதை. இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நினைக்கிறார்கள், அதுவும் சாதாரண உப்பைப் போலச் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட்டில் உள்ளதும் அந்த ஒரு டீஸ்பூனில் சேர்த்தி. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

இன்னொன்று, வலி மாத்திரை. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிற அக்காமார்கள் சாயங்காலம் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வலி நிஜம், வைத்தியத்துக்கு ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகும் என்பதும் நிஜம். ஆனால் பிரஷர் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து போட்டால் அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் கெடும். சீட்டில்லாமல் தூக்கிக் கொடுக்கிற பழக்கத்தை என் போன்ற கடைக்காரர்கள்தான் முதலில் விட வேண்டும்.

கடைசியாக, பிரஷர் பார்க்கிற முறை. ஒரு ஆஸ்பத்திரியில் நான் கண்ணால் பார்த்தது இது. வயதான அம்மா ஒருவர் மாடிப்படி ஏறி வந்து, வரிசையில் நின்று, மூச்சு வாங்கியபடியே நர்ஸிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி அளந்தார்கள். 168 வந்தது. அப்படி வருகிற எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினாலும் தப்பு, "படி ஏறி வந்ததுனாலதான்" என்று தள்ளினாலும் தப்பு. முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார விட வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பட்டை வெறும் தோலில் படவேண்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. சுகாதாரத் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இரண்டே இரண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் பார்க்கும் மேசைக்கு முன்னால் நோயாளிகள் காத்திருக்க நாலு நாற்காலி போடுங்கள். நோயாளி கையில் கொடுக்கிற நோட்டில் சர்க்கரை, பிரஷர், சிறுநீர் ஆல்புமின் மூன்றுக்கும் ஒரே வரிசையில் கட்டம் போடுங்கள். ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் நோயாளியே கேட்பார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கோவில்பட்டி