எங்கள் எருமை எப்போது தமிழ் படித்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மே இதழின் சிறுவர் பக்கத்தில் என் பேரன் எழுதிய ‘என் கோடை விடுமுறை’யை வெளியிட்டதற்கு நன்றி. அனுப்பியது போன வருடம் ஜூனில். அப்போது அவனுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் கிடையாது. இப்போது அவனுக்குப் பல் முளைத்துவிட்டது, அவன் எழுதிய கன்றுக்குக் கொம்பும் முளைத்துவிட்டது. சரி, அதை விடுங்கள்.

“எங்க எருமைக்குத் தமிழ் தெரியாது, லா லான்னு பர்மியத்துல கூப்பிட்டாத்தான் வரும்” என்று எழுதியிருந்தான். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் நீங்கள் சேர்த்த வரி: “பாவம், பர்மாவில் எருமைகூடத் தமிழை மறந்துவிட்டது! - ஆ-ர்.”

பையன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “தாத்தா, நம்ம எருமை எப்ப தமிழ் படிச்சுச்சு, மறக்கிறதுக்கு?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்திரிகை நடத்துகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அது அடுத்த கிராமத்துப் பர்மாக்காரரிடம் வாங்கிய எருமை. ஐந்து வருடம் அவர் குரலுக்குப் பழகியது. அதனிடம் ‘வாம்மா’ என்றால் காதை ஒருமுறை ஆட்டும், அவ்வளவுதான். இதில் தமிழுக்கு என்ன கேடு வந்தது?

இங்கே கோடை விடுமுறை மார்ச் முதல் மே வரை. பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் பர்மியத்தில். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைப்பதே விடுமுறையில்தான். காலையில் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருகிறார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோடையில் நீச்சல் பழகுவதாக அதே இதழில் படித்தேன். எங்கள் பிள்ளைகள் ‘ஞ’ போடப் பழகுகிறார்கள். அது முடிந்து பத்து மணிக்கு மேல்தான் எருமை, வாத்து, வாய்க்கால் எல்லாம்.

இடமில்லை என்று நீங்கள் வெட்டிய பகுதி எனக்கு மனப்பாடம். கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக்குஞ்சுகள் பதினொன்று ஒரு மத்தியானம் வாய்க்காலோடு போய்விட்டன. இவனும் பக்கத்து வீட்டுப் பர்மியப் பையனும் எருமை மேல் ஏறித் தேடக் கிளம்பினார்கள். அறுத்துப் போட்ட வயல், பாளம் பாளமாக வெடித்த மண், உச்சி வெயில். குட்டை கண்ணில் பட்டதுதான் தாமதம், இரண்டு பேரையும் சுமந்தபடியே எருமை உள்ளே இறங்கிப் படுத்துவிட்டது. சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தால், குஞ்சுகள் முன்னாலேயே வந்து கோழிக்குப் பின்னால் நிற்கின்றன. முழங்காலுக்குப் பின்புறம் அவனை ஓர் அட்டை கடித்திருந்தது. உப்பு வைத்து எடுத்தேன். அழவில்லை. “எருமைக்கும் உப்பு வைங்க தாத்தா” என்றான்.

அப்புறம் திஞ்சான். தண்ணீர்த் திருவிழா, நம் சித்திரை முதல் நாளும் அதை ஒட்டியே வரும். பக்கத்து வீட்டில் அரிசிமாவு உருண்டைக்குள் வெல்லம் வைத்துக் கொதிநீரில் போட்டார்கள். வெந்தால் மிதக்கும். வேடிக்கைக்காக ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைப்பது வழக்கம். அது இவன் வாயில்தான் விழுந்தது. அதையும் வெட்டினீர்கள். எருமை வரி மட்டும் தப்பியது, கேலிக்கு வேண்டுமே!

இது முதல் தடவையும் இல்லை. பர்மா என்றால் உங்களுக்கு அத்தோ நூடுல்ஸ், தேக்கு, பர்மா பஜார். முன்பு ஒரு கட்டுரையில் ‘பர்மாத் தமிழர்கள் எல்லோரும் தாயகம் திரும்பிவிட்டனர்’ என்று போட்டீர்கள். அப்போது சந்தா கட்டிக்கொண்டிருந்த நான் யார்? 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா குடும்பம் கப்பலேறியது. அப்பா போகவில்லை. “ரெண்டு ஜோடி எருமைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது?” என்றார். (அம்மா சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டினாள்.) அடுத்த ஓரிரு வருடங்களில் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது, நான் படித்த தமிழ்ப் பள்ளியும் அதோடு போயிற்று. மீதித் தமிழை மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் அப்பா எழுதிக் காட்டினார். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அந்தச் சுவரைத் திட்டுங்கள்.

மறுப்பு, வருத்தம் எதுவும் நீங்கள் போட வேண்டாம். கட்டுரையோடு பையன் ஓர் எருமைப் படம் அனுப்பியிருந்தான். கறுப்புக் கலர் தீர்ந்துபோனதால் ஊதாவில் தீட்டியது. நீங்கள் அதைப் போடாமல், யாரோ வரைந்த, கழுத்தில் மணி கட்டிய வெள்ளைப் பசுவைப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஊதா எருமையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். முகவரி படத்தின் பின்னால் இருக்கிறது, தமிழிலும் பர்மியத்திலும் அவனே எழுதியது. ஜூன் 1ஆம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் வந்தால் கொட்டகையில் ஒட்ட வேண்டுமாம், எருமை பார்க்குமாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
பெகு பக்கத்துக் கிராமம், மியன்மார்.