மறுநாள் காலையில் அந்தக் கேள்வி வேண்டாம்

23.4.2024

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2020 ஊரடங்கின்போது, சொற்புதிரில் பைத்தியமாக இருக்கும் பதினொரு பேர் கைபேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். ஆறு பேர் தமிழ்நாட்டில் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். இரண்டு பேர் பெங்களூரு. மும்பை, டெல்லி, துபாயில் ஆளுக்கு ஒருவர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு ஒருவர் புதிர்க் குறிப்பு போடுவார், ஏழரைக்குள் விடை வந்துவிடும். அப்புறம் முழங்கால் வலி, பேரனுக்குப் பரீட்சை என்று பேச்சு எங்கெங்கோ போகும். நான்கு வருடத்தில் குறிப்பு வராத காலை ஒன்றே ஒன்றுதான். அது போன சனிக்கிழமை, ஏப்ரல் 20. முந்தைய நாள்தான் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு.

அன்று முதலில் வந்தது மை வைத்த விரல் படம். அடுத்து இன்னொரு விரல். அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒருவர் எழுதினார்: "பேப்பர்ல 72.09 சதவீதம்னு இருக்கு. போன்ல 69.46ங்கிறான். எது நிஜம்?" அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் 6.23 கோடி வாக்காளர்கள். இரண்டரைச் சதவீதத்துக்கு மேல் குறைந்தால் 16 லட்சம் ஓட்டு. "ராத்திரியோட ராத்திரியா 16 லட்சம் ஓட்டு எங்கே போச்சு?" என்று கேட்டார் குழுவில் மூத்தவர், கணக்கில் புலி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்திய சென்னையில் 67 சதவீதம் என்று மாலையில் சொன்னது, விடிவதற்குள் 54க்குப் பக்கத்தில் வந்து நின்றதை இன்னொருவர் எடுத்துப் போட்டார். இவருக்கு ஒரு கட்சி மேல் சந்தேகம், அவருக்கு எதிர்க்கட்சி மேல். அரை மணி நேரத்தில் நாங்கள் இரண்டு அணியாகிவிட்டோம்.

அச்சான எண்ணுக்குப் பத்திரிகையைக் குறை சொல்ல மாட்டேன். மாலை ஏழு மணிக்கு அதிகாரப்பூர்வமாகச் சொன்னது 72.09தான். திருத்திய எண் நள்ளிரவுக்குப் பிறகு வந்தது, அதற்குள் அச்சு ஓடியிருக்கும். ஆனால் அந்த ஏழு மணி எண் எப்படிப்பட்டது என்று அதன் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன், அதில் நான்கில் தலைமை அலுவலர். மாலை ஆறு மணி நெருங்கும்போது கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். கடைசியில் நிற்பவரிடமிருந்து ஆரம்பித்து முன்னோக்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் ஆறு மணிக்குப் பிறகு வருபவர் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. நாம் டோக்கனும் கையுமாக நிற்கிற அந்த நேரம் பார்த்து மண்டல அலுவலரின் போன் வரும்: "எவ்வளவு மேடம், சீக்கிரம் சொல்லுங்க." ஒரு தடவை வரிசையைக் கண்ணால் அளந்து, அதையும் சேர்த்து "எண்ணூறு வரும் சார்" என்று சொல்லிவிட்டேன். கடைசி ஆள் போட்டு முடித்து, இயந்திரத்தில் 'குளோஸ்' பொத்தானை அழுத்தி, 'டோட்டல்' பார்த்தபோது 761. அந்த 761தான், சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் ஏறியது. கட்சி ஏஜென்டுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டார்கள். என் 'எண்ணூறு' எங்கே போனது என்று யாராவது கேட்டிருந்தால், அது எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்தத் தடவையும் நடந்தது ஏறக்குறைய இதுதான். செயலி வழியாகச் சில சாவடிகளிலிருந்து வந்த தகவலை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு அது என்று தேர்தல் அதிகாரிகளே பிறகு விளக்கினார்கள். இறுதியாக 69.72 சதவீதம் என்று அறிவித்துவிட்டார்கள். மாநிலத்தில் 68,321 சாவடிகள். நண்பர் சொன்ன அந்த 16 லட்சத்தைச் சாவடிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 24 ஓட்டு வரும். நான் ஒருத்தி ஒரு சாயங்காலம் தவறாகச் சொன்னதே 39. தேர்தல் ஆணையம் அந்த ஏழு மணி எண்ணை இவ்வளவு துல்லியமாக, தசமப் புள்ளி வைத்து, வெளியிட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. 72.09 என்றால் கடைசி ஓட்டு வரை எண்ணிவிட்டார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

சரி, இதைக் குழுவில் எழுதினேனா என்றால், எழுதினேன். நான் தட்டச்சு செய்வது மெதுவாகத்தான். எழுதி முடிப்பதற்குள் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யார் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம் என, அந்த வங்கி நண்பர் செயலியில் இருக்கும் வாக்கெடுப்பு வசதியில் ஒரு கேள்வி போட்டார்: 'நேற்று யாருக்குப் போட்டீர்கள்?' கீழே கட்சிகளின் பெயர்கள், கடைசியில் நோட்டா. இந்த வசதியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொட்டவுடன் எண்ணிக்கை ஏறும். எண்ணைத் தொட்டால் யார் யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படத்தோடு பெயரும் வரும். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்ட எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் பத்து நிமிடத்தில் தொட்டுவிட்டார்கள். மிச்சம் நானும் ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு வயது 19, கல்லூரியில் படிக்கிறார், குழுவில் எல்லாருக்கும் 'பாப்பா'. வெள்ளிக்கிழமை போட்டதுதான் அவருடைய முதல் ஓட்டு.

"டீச்சரை விட்டுடுங்க, பெரியவங்க" என்று ஒருவர் எழுதினார். அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்டார்கள்.

"பாப்பா, நீ?"

"போட்டுட்டேன் சார்."

"அது தெரியுது. யாருக்கு?"

"அதை விடுங்க சார்."

"நாங்க எல்லாம் சொல்லிட்டோமே, எங்ககிட்ட என்ன மறைப்பு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வேறொருவர்: "சொல்லலைன்னாலே தெரியுதே."

காலை 8.12க்குப் பாப்பா குழுவை விட்டு வெளியேறினார் என்று திரையில் வந்தது. என் விளக்கம், அந்த 24 ஓட்டுக் கணக்கு, 8.15க்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். அழவில்லை, கோபமும் இல்லை. சோர்ந்துபோன குரல். "வீட்டில அப்பா ஒரு கட்சி டீச்சர், மாமா வேற கட்சி. வெள்ளிக்கிழமை பூராவும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலை. காலையில புதிர் போடலாம்னு போனை எடுத்தா, இங்கேயும் பேர் போட்டு லிஸ்ட் வெச்சிருக்காங்க."

எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த ரகசியத்தைக் காக்கிற வேலையை ஆறு தேர்தலில் செய்தவள் நான். காலையில் முதல் ஓட்டு விழுவதற்கு முன், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆவது பிரிவை ஏஜென்டுகள் முன்னால் தலைமை அலுவலர் உரக்கப் படிக்க வேண்டும். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை வெளியே விட்டால் அலுவலருக்கும் ஏஜென்டுக்கும் மூன்று மாதம் வரை சிறை. அதே சட்டத்தில் 94ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: மக்கள் போடும் ரகசிய ஓட்டில், யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி ஒரு சாட்சியைக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. கூண்டில் ஏற்றி நிறுத்தினாலும் அந்த ஒரு பதிலை வாங்க முடியாது என்று 1951இல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலைத்தான் புதிர் போட வந்த ஒரு பெண்ணிடம் நாங்கள் காலை எட்டு மணிக்குக் கேட்டோம்.

2009 மே 13 எனக்கு நினைவுக்கு வந்தது. நான் இருந்த சாவடிக்கு ஒரு பாட்டி வந்தார், கைரேகை வைக்கிறவர். மறைப்புக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். பொத்தானை அழுத்தியதும் வந்த 'பீப்' சத்தத்தில் திடுக்கிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் காத்திருந்த மகன் கேட்டார், "எதுல அமுக்கினே?" பாட்டி நிற்கவே இல்லை. "அது எனக்கும் மிஷினுக்கும் பேச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மகன் பின்னாலேயே போனார். சாவடியில் இருந்த அத்தனை கட்சி ஏஜென்டும் நானும் அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மறைப்பு அட்டை ஒன்றுதான் அவருக்கும் அந்த மகனுக்கும் நடுவில் இருந்தது. அந்த அட்டையின் அருமை எனக்கு அன்று புரிந்தது.

கைபேசிக் குழுவில் அந்த அட்டை கிடையாது. பெரியவர்கள் நான்கு பேர் தொட்டுவிட்டால் ஐந்தாமவர் தொடாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிடுகிறது. பாசமாகக் கேட்டாலும் அதே கதைதான். சொல்லப்போனால் பாசமாகக் கேட்பவரிடம் மறுப்பதுதான் இன்னும் கஷ்டம். எங்களுடையது நல்ல குழு. துபாய்த் தம்பியின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இங்கே இருக்கும் மூன்று பேர் முறை வைத்து விசாரித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களே இதைச் செய்தோம் என்பதால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தேர்தல் நமக்கு முடிந்துவிட்டது, நாட்டுக்கு முடியவில்லை. எங்கள் பெங்களூருத் தோழிகள் வரும் 26ஆம் தேதி போடுகிறார்கள். மும்பைக்கு மே 20, டெல்லிக்கு மே 25. ஏழாவது கட்டம் ஜூன் 1. அன்று மாலை வரை, ஓட்டுப் போட்டு வந்தவர்களைக் கேட்டுப் போடும் வாக்குக் கணிப்புகளைப் பரப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 126ஏ பிரிவின் கீழ் தடை இருக்கிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. சட்டம் குறிவைப்பது பெரிய கணிப்புகளைத்தான். ஆனாலும் இனிமேல் ஓட்டுப் போடப் போகிறவர் மனதில் முந்தியவர்களின் எண் போய் உட்காரக் கூடாது என்ற காரணம், பதினொரு பேர் குழுவுக்கும் பொருந்தாதா? பெங்களூருத் தோழி ஒருவர் அன்று எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, நான் இன்னும் போடலை" என்று மட்டும் எழுதினார். நல்ல வேளை எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நமக்கோ 46 நாள் காத்திருப்பு, வெள்ளிக்கிழமையிலிருந்து ஜூன் 4 வரை. இயந்திரங்கள் முத்திரை வைத்த அறையில் காவலோடு இருக்கின்றன. என் இடது ஆள்காட்டி விரலில் தோலில் பட்ட மை இப்போதே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நகத்தில் ஏறியது மட்டும் அப்படியே இருக்கிறது. நகம் வளர வளர அந்தக் கோடு மேலே நகர்ந்துகொண்டே போகும், எண்ணிக்கை நாளன்றும் தெரியும். இத்தனை நாளும் தினம் காலையில் ஒருவரை ஒருவர் "யாருக்கு, யாருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஜூன் 5 அன்று குழுவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

அதனால் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு கட்ட வாக்குப்பதிவுக்கும் மறுநாள் சதவீதத்தைப் போடும்போது, அது மாலை நேரத் தோராயம், 17சி படிவங்கள் வந்து சேர்ந்த பிறகு மாறும் என்று அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம். அப்புறம், 94ஆவது பிரிவை எளிய தமிழில் நான்கு வரியில், ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வீட்டில் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளை இருந்தால், அப்பா கேட்கும்போது அந்தப் பிள்ளை பேப்பரை எடுத்து நீட்டட்டும். பாப்பாவிடம் அன்று நீட்ட ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு வங்கி நண்பர் அந்த வாக்கெடுப்பை அழித்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே செய்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் போட்ட குறிப்பு இது: 'கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், போட்டால் காட்ட வேண்டாம் (3)'. குழுவில் யாரும் விடை சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, யாருக்காகக் காத்திருந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் அதை அப்படியே பாப்பாவுக்குத் தனியாக அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் விடை வந்துவிட்டது. குழுவுக்குத் திரும்பி வருவதாக இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
(குழுவில் இருப்பவர்களும் இந்தப் பத்திரிகை படிப்பதால் பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)