பெட்டியில் இல்லாத ஒரு எழுத்து

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்வம்,

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே தினமும் சாயங்காலம் மழை.

மலருக்குக் கம்ப்யூட்டர் கேட்டிருந்தாயே, போன மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னாலே பாதி பதில் வந்துவிடும். தம்பி மகனுக்குக் கம்ப்யூட்டர் சேர்க்க, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன். கடைக்காரர் என் கன்னடத்தைக் கேட்ட மாத்திரத்தில் "சொல்லுங்கண்ணா" என்று தமிழுக்குத் தாவிவிட்டார். ரைசன் 5 5600 என்ற ஏஎம்டி பிராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, எஸ்எஸ்டி, எல்லாம் வாங்கி ஆட்டோ பிடித்தேன்.

பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் தொலைந்தது. ஒரு மூலையில் பொட்டு மாதிரி பொன்னிற முக்கோணம் இருக்கும். போர்டில் அது உட்காரும் சாக்கெட்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. வீட்டில் மனைவி டார்ச்சைப் பிடித்தாள், நான் மூச்சைப் பிடித்தேன்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். கடைக்காரரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். ராத்திரி 11 மணிக்குத்தான் அட்டைப்பெட்டியைப் படித்தேன். 5600-க்குப் பக்கத்தில் 'ஜி' இல்லை! அந்த எழுத்து இருந்தால்தான் படம் காட்டும் வேலையும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட வேண்டும்.

"கேம் ஆடுறவங்க கார்டு தனியா போடுவாங்க, நீங்களும் அப்படின்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர் மறுநாள். 300 ரூபாய் பிடித்துக்கொண்டு மாற்றித் தந்தார். தப்பு என்னுடையதுதான்.

மலரின் காலேஜ் வேலைக்கு 5600ஜி தாராளம். இன்டெல் பிராசஸர் என்றால் கதை தலைகீழ்: 'எஃப்' என்று முடிந்தால் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி உட்காருகிற ஏஎம்4 சாக்கெட் போர்டுக்கு டிடிஆர்4 வகை ரேம்தான். அடுத்த தலைமுறை டிடிஆர்5 ரேமுக்கு வெட்டு வேறு இடத்தில், உள்ளேயே போகாது. கேபினெட்டோடு சும்மா தருகிற பவர் சப்ளையை மட்டும் வாங்காதே. அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

தீபாவளிக்கு வரும்போது ஸ்க்ரூடிரைவர் கொண்டுவருகிறேன். மலரே மாட்டட்டும். டார்ச் நீ பிடி.

அன்புடன்,
ராஜு