ஞாயிறு காலை மட்டுமாவது தோட்டச் சாலையைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். 2007-இல் பெயர் மாறினாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். முப்பத்தொரு வருடம் தோட்டங்களில் கிராணி வேலை, அதாவது கணக்கர் வேலை, பார்த்து ஓய்வு பெற்றேன். அறுபத்தேழு வயதாகிறது. வாரத்தில் நான்கு நாள் சைக்கிள் ஓட்டுகிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடந்த செப்டம்பரில் மகளைப் பார்க்க பிரான்சுக்குப் போயிருந்தேன். ஆங்குலேம் நகரில் கார்ட்டூன் படம் செய்யும் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. "எங்கேப்பா போகணும்?" என்று கேட்டாள். பாரிஸ் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். நான் பார்பெசியு என்றேன். அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே ஏன் போக வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆன்றி ஃபோகோனியே என்ற வெள்ளைக்காரத் துரை 1879-இல் பிறந்த ஊர் அது. அவர் 1905-இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து கிடைத்த செம்பனை (எண்ணெய்ப்பனை) விதைகளை முதலில் அழகுக்காகத்தான் நட்டார். அப்புறம் 1917-இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் அதையே பயிராக வைத்தார். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் அதுதான். தோட்டத்தின் பெயர் நம்முடைய தமிழ்ச் சொல் என்பதைச் சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. குலைக் கணக்கு எழுதியே சம்பாதித்தவன் நான். அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் எப்படிப்பட்ட மண்ணிலிருந்து கிளம்பி வந்தார் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

பார்பெசியுவிலிருந்து ஜார்னாக் வரை இரண்டு பேரும் வாடகைச் சைக்கிளில் போனோம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மலை என்று சொல்ல முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள். ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது அடுத்த மேட்டின் உச்சியில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கல் தேவாலயம் தெரியும். இரண்டு பக்கமும் திராட்சை. மண் சுண்ணாம்பு வெள்ளை. நம் செம்மண்ணுக்குப் பழகிய கண் கூசுகிறது. கோன்யாக் பிராந்திக்கான திராட்சை இது. யூனி பிளாங் என்கிறார்கள். அதில் வரும் ஒயின் புளிப்பாகவும் மெலிதாகவும் இருக்குமாம். அதைச் செப்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு வருடம் வைத்த பிறகுதான் அந்தப் பெயருக்குத் தகுதி பெறுகிறது.

நான் குடிப்பதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை என் அப்பாவின் சம்பளத்தில் பாதியை விழுங்கியது. சம்பள நாளில் அம்மா லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆகவே பீப்பாய்க் கிடங்குகளுக்குள் நான் போகவில்லை; மகளும் வற்புறுத்தவில்லை. ஆனால் கிடங்குகளின் வெளிச்சுவர் எல்லாம் கரி பூசினாற்போல் கறுத்திருந்ததைப் பார்த்து நின்று விட்டேன். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் மதுவை உண்டு வளரும் ஒரு பூஞ்சையாம். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் பழைய ஸ்மோக் ஹவுஸ் கூரை அப்படியே இருக்கும். அந்த வாசனைகூட மூக்கில் வந்தது போல் இருந்தது.

நான் சொல்ல வந்தது அந்தச் சாலைகளைப் பற்றி. அவற்றை யாரும் சைக்கிளுக்கென்று புதிதாகப் போடவில்லை. திராட்சைக்காரர்கள் டிராக்டர் ஓட்டும் பாதை, ஊருக்கு ஊர் போகும் ஒற்றைத் தார்ச்சாலை, ஆற்றோரத்து மண்பாதை. இவற்றையே ஒன்றோடொன்று இணைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் சைக்கிள் படம் போட்ட சின்னப் பலகை வைத்திருக்கிறார்கள். பார்பெசியுவுக்குத் தெற்கே ரயில் நின்றுபோன தண்டவாளப் பாதைகூட இப்போது சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். திராட்சைத் தோட்டத்துக்கு வேலி கிடையாது. கை நீட்டினால் குலை. நாங்கள் போன வழி முழுக்க யாரும் பறித்து நான் பார்க்கவில்லை. காரில் வருபவர்கள் ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படி விலகித்தான் போனார்கள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடையும் சாத்திவிட்டார்கள். மகள் கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றை ஒரு கிராமத்தில் பழைய துணி துவைக்கும் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் கூடித் துவைத்த இடம். இப்போது யாரும் அங்கே துவைப்பதில்லை. இருந்தும் ஓட்டுக் கூரையைச் செப்பனிட்டு, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, இது இன்ன இடம் என்று ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். நம் லயத்துப் பைப்படி நினைவுக்கு வந்தது. விடியற்காலை வாளி வரிசை, சண்டை, சிரிப்பு, எத்தனை கல்யாணப் பேச்சு அங்கே முடிவாகியிருக்கும்! நான் வளர்ந்த தோட்டத்தில் அந்தப் பைப்படி இருந்த இடத்தை இன்று என்னால் மட்டும்தான் காட்ட முடியும். லயம் இடிந்து, செம்பனை இரண்டாம் முறையும் மறுநடவு ஆகிவிட்டது.

அப்புறம் ஷாரான்ட் ஆற்றங்கரை. சேன் சிமோன் என்ற ஊர், முன்பு பிராந்திப் பீப்பாயும் உப்பும் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கட்டியவர்களின் ஊராம். அடுத்து பாசாக் மடாலயம். பொழுது சாய ஜார்னாக் போய்ச் சேர்ந்தோம். காலையிலிருந்து ஒரு தடவைகூட யாரும் எங்களைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், நம் பெரிய சாலையில் ஒரு மண் லோரி என் முழங்கையை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. அந்தக் காற்றிலேயே சைக்கிள் சாய்ந்து கால்வாய்க்குள் விழுந்தேன். தோள்பட்டையில் அடி, ஆறு வாரம் கை தூக்க முடியவில்லை. லோரி நிற்கவில்லை. பின்னால் மோட்டாரில் வந்த மலாய்த் தம்பி ஒருவர்தான் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீடு வரை கொண்டு வந்து விட்டார்.

அந்தச் சாலைக்கு இணையாகவே, முந்நூறு மீட்டர் உள்ளே, தோட்டத்துச் செம்மண் சாலை ஓடுகிறது. நான் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நடந்த சாலை. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்கள் கேரியரின் இரண்டு பக்கமும் வாளி கட்டி, பால் தளும்பாமல் மேடு ஏறி இறங்கிய சாலை. சைக்கிள் அந்த மண்ணுக்குப் புதிதே அல்ல. மேடு, பள்ளம், நிழல், ஓடைப் பாலம், மேட்டில் மாரியம்மன் கோயில் எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் இப்போது கேட் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் போய்க் கேட்டேன். காவல்காரர் மரியாதையாகத்தான் பேசினார். மேலிடத்து உத்தரவு என்றார். வருடத்தில் திருவிழா நாளில் மட்டும் திறப்பார்களாம். பக்கத்து வீட்டு அக்கா, எழுபத்து நான்கு வயது, தான் பிறந்த லயத்துக் கோயிலில் விளக்கேற்ற ஒரு வருடம் காத்திருக்கிறார்.

தோட்டக்காரர்களின் கவலை எனக்குத் தெரியும். செம்பனைக் குலைத் திருட்டு பொய் இல்லை. அந்தப் புகார்களை நானே எழுதியிருக்கிறேன். மருந்து அடிக்கும் நாள், குலை ஏற்றிய டிராக்டர், மேலிருந்து விழும் மட்டை எல்லாம் ஆபத்துதான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்கிறேன். வெட்டு இல்லாத நாள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, ஒரே ஒரு முதன்மைச் சாலை மட்டும். உள்ளே போகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டிக் காவல் கொட்டகையில் பெயர் எழுதட்டும். மோட்டார் வேண்டாம், சாக்குப் பை வேண்டாம், கிளைப் பாதையில் இறங்க வேண்டாம். சைக்கிளில் முப்பது கிலோ குலையை யாரும் ஒளித்துக் கொண்டு போக முடியாது.

கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகமும் நம் சட்டமன்ற உறுப்பினரும் தோட்ட நிர்வாகங்களோடு ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். தார் போட வேண்டாம், விளக்குக் கம்பம் வேண்டாம். திருப்பத்தில் ஒரு பலகை போதும். அதில் ஊர்ப் பெயரோடு பழைய பெயரும் இருக்கட்டும்: ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை) இருந்த இடம், பால் ஸ்டோர், பழைய தமிழ்ப்பள்ளி. 1917-இல் முதல் செம்பனை வயலைத் திருத்தியவர்கள் எந்தப் பாதையில் நடந்தார்கள் என்று நம் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் படிக்க வேண்டும். துரையின் பெயரைப் புத்தகம் வைத்திருக்கிறது. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பழைய சாலைகளையும் லயங்களையும் நினைவிலிருந்து ஒரு வரைபடமாகப் போட்டு வைத்திருக்கிறேன். கூட வேலை பார்த்த இரண்டு மண்டோர்கள் (மேஸ்திரிகள்) பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்கு யார் கேட்டாலும் அதன் நகலைத் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.